மூன்று தடவை கேட்பார்கள்

பண்டத்தரிப்பு
10.03.2025

அன்புள்ள றெஜினா அக்காவுக்கு,

நேற்று மறைக்கல்வி வகுப்பில் உங்களுக்கு உதவியாக நின்றபோது நான் சொல்லாமல் விட்டவற்றை எழுதுகிறேன். பிள்ளைகளிடம் "இலையை மிதிக்காதையுங்கோ" என்று சொல்லவில்லை. "ஏன் உந்த இலையைக் கொண்டுவந்தனீர் என்று என்னையே கேளுங்கள், மற்றவர்களைக் கேட்காதீர்கள்" என்று உங்களிடம் சொல்லவில்லை. வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது "எனக்குக் கோபம்" என்றும் சொல்லவில்லை. "போட்டுவாறன் அக்கா" என்று மட்டும் சொன்னேன்.

கடதாசியில் எழுதுவது வினோதமாக இருக்கும். தை மாதம் உங்கள் தம்பி ஜெரிசனுக்கு நான் அனுப்பிய குரல்பதிவு உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஓடித்திரிந்தது நினைவிருக்கும். அது எப்படி அங்கே போனது என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. கடிதமென்றால் ஒரு பிரதிதான்.

எங்கள் இருவருக்கும் தெரிந்ததை ஒருமுறை நேராக எழுதிவிடுகிறேன். உங்கள் தம்பியை நான் கலியாணம் செய்வதென்றால் அதற்கு முன் ஞானஸ்நானம் பெறவேண்டும் என்பது உங்கள் அம்மாவின் நிபந்தனை. இந்த ஈஸ்டருக்கு நான் ஆயத்தமா இல்லையா என்று பங்குத்தந்தைக்கு எழுதிக்கொடுக்க வேண்டியவர் நீங்கள். அதனால் உங்கள் முன்னால் நான் செய்வதெல்லாம் பரீட்சையாகவே தெரிகிறது.

நேற்றைய பாடம் திரித்துவம். ஒரு கிண்ணத்தில் ஐஸ்கட்டி, ஒரு கிளாசில் தண்ணீர், ஆவி பறக்கும் கேத்தில் என்று மேசையில் வைத்தீர்கள். மூன்றும் ஒரே தண்ணீர்; பிதா, மகன், தூய ஆவி மூவரும் ஒரே கடவுள் என்றீர்கள். பிறகு, "ஆரணி டீச்சர், நீர் சயன்ஸ் படிப்பிக்கிறனீர்தானே. கொண்டுவந்ததைக் காட்டும்" என்றீர்கள். பாடப்புத்தகத்தில் மூன்று சிற்றிலை உள்ள ஒரு செடியின் படம் இருக்கிறது. குருநகர்ப் பிள்ளைகள் அதை எங்கே கண்டார்கள்? எங்கள் வீட்டு வளவில் வில்வம் நிற்கிறது. ஆளுக்கு ஒன்றாகப் பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

"எத்தினை இலை?" என்று கேட்டேன்.

"மூண்டு!"

முன்வாங்கில் இருந்த சின்னவள் மட்டும், "இல்லை டீச்சர், ஒண்டு. காம்பு ஒண்டுதானே" என்றாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்போதுதான் பின்னாலிருந்து ஒருவன், "உது சிவன்கோயில் இலை. எங்கடை பக்கத்து வீட்டுக்காரர் வச்சுக் கும்பிடுறவை" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை.

பின்னேரம் மூன்று மணிக்குப் பங்கின் தாய்மார் குழுவில் என் கையும் வில்வக் கொத்தும் படமாக வந்துவிட்டது. கீழே ஒருவர், "மறைக்கல்வியோ, சைவசமய பாடமோ?" என்று எழுதியிருந்தார். ஜெரிசன்தான் காட்டினார். படம் கரும்பலகைப் பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது. அந்தப் பக்கம் நின்றவர் நீங்கள் ஒருவர்தான்.

பதிலை எதிர்பார்க்கிறேன். கடிதத்தில்.

ஆரணி


குருநகர்
14.03.2025

ஆரணிக்கு,

உம்முடைய கடிதம் கிடைத்தது. தபால்காரர் எங்கள் ஒழுங்கையின் இரண்டு பக்க வீடுகளுக்கும் கேட்கக்கூடியதாக, "அக்கா, லவ் லெற்றரோ?" என்றார். நாற்பத்திரண்டு வயதில் இதையும் கேட்டாயிற்று.

படத்தைப் பற்றிப் பிறகு. முதலில் நான் கண்டதைச் சொல்கிறேன். வகுப்பு முடியப் பிள்ளைகள் இலைகளைக் கீழே போட்டுவிட்டு ஓடினார்கள். நீர் ஒன்றை எடுக்கக் குனிந்தீர். நான் பார்ப்பதைக் கண்டதும் சீலைக் கரையைச் சரிசெய்வதுபோல நிமிர்ந்தீர். இலை மிதிபட்டால் படட்டும் என்று நின்றிருந்தால் எனக்கு ஒன்றுமில்லை. பொறுக்கி எடுத்திருந்தாலும் ஒன்றுமில்லை. எடுக்கப்போய் எடுக்காமல் விட்டீரே, அதுதான் எனக்கு நித்திரையைக் கெடுத்தது. எனக்கு முன்னால் ஒரு ஆரணி, நான் திரும்பிய பிறகு வேறொரு ஆரணி என்றால் எந்த ஆரணியைப் பற்றி நான் பாதருக்கு எழுதுவது?

நான் மீன்சந்தையில் வளர்ந்தவள். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்கிப் பழக்கமில்லை. என் சின்னம்மாவின் மகன் முடித்த பெண்ணும் என்னிடம்தான் நான்கு மாதம் படித்தாள். என்ன கேட்டாலும் "ஓம் அக்கா, விளங்குது அக்கா." சனிக்கிழமை ஞானஸ்நானம், புதன்கிழமை கலியாணம். அதற்குப் பிறகு அவளை நான் கோயிலில் கண்டது மாமனாரின் செத்தவீட்டன்று. அவளுக்கு ஆயத்தம் என்று கையெழுத்து வைத்தவள் நான். இன்றைக்கும் ஆட்கள் என்னைக் கண்டால், "நல்ல ஆளைத்தான் பாஸ் பண்ணினனீர்" என்று சொல்லிக்காட்டுவார்கள்.

இன்னொன்று. புதன்கிழமை பாதர் என்னைக் கூப்பிட்டு, சிரித்துக்கொண்டே கேட்டார்: "றெஜினா, ஐஸ் உருகினாப் பிறகு ஐஸ் எங்கை? பிதா உருகித்தான் மகன் ஆனவரோ?" பத்தொன்பது வருடமாக இதே பாடத்தை எடுக்கிறேன். மீனுக்கு ஐஸ் போடும் வாடியில் சொல்லிவைத்து, துவாயில் சுற்றிக்கொண்டு வந்து எடுக்கிறேன். இத்தனை காலமும் யாரும் குறை சொன்னதில்லை. நீர் வந்த மாதத்தில் எப்படி அது பாதரின் காதுக்குப் போனது? முகத்துக்கு முன்னால் தலையாட்டிவிட்டுப் பின்னால் போய்ச் சொன்னீரா?

அம்மா நேற்றும் கேட்டா: "உவள் என்ரை பெடியனுக்காக வாறாளோ, ஆண்டவருக்காக வாறாளோ?" நான் எழும்பி முற்றத்துக்குப் போய்விட்டேன். நின்றிருந்தால் எனக்கே பிடிக்காத பதில்தான் வந்திருக்கும்.

றெஜினா


பண்டத்தரிப்பு
19.03.2025

அன்புள்ள றெஜினா அக்காவுக்கு,

பாதரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம். ஆனால் அவர் கேட்டது நானும் நினைத்ததுதான், அதை மறைக்கமாட்டேன். ஐஸாக இருக்கும் துளி அந்த நேரத்தில் ஆவி அல்ல. ஒரு குறிப்பிட்ட குளிரில், குறிப்பிட்ட அழுத்தத்தில் மூன்றும் சேர்ந்து நிற்கும் என்று உயர்தரப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். அங்கேயும் ஒரு துளி ஒரு வேஷம்தான் போடும். கடவுள் காலையில் பிதா, மத்தியானம் மகன் என்று மாறுகிறவர் அல்ல என்று நீங்கள் தந்த சிவப்பு மட்டைப் புத்தகமே சொல்கிறது. அதை நான் இரண்டு தடவை வாசித்தேன்.

என்னுடைய இலையும் பிழை. அதையும் எழுதவேண்டும். வில்வத்தில் இருப்பது உண்மையில் ஒரே இலை. மொட்டு காம்பின் அடியில்தான் வரும். அந்த மூன்று சிற்றிலைகளின் அடியில் வராது. ஒன்று என்பதற்கு மரத்திலேயே சாட்சி இருக்கிறதே என்ற புழுகத்தில், சந்தோஷத்தில்தான் பிடுங்கினேன். வீட்டுக்கு வந்து யோசித்தால், ஒரு சிற்றிலையைக் கிள்ளிவிட்டால் மிச்சம் இரண்டு. அப்படியென்றால் மகன் கடவுளில் மூன்றில் ஒரு துண்டு என்றாகிறது. அதுவும் சரிவராது. சூரியன், வெளிச்சம், சூடு என்றும் வைத்துப் பார்த்தேன். வெளிச்சம் சூரியனின் பிள்ளையாகலாம், சூரியனுக்குச் சமமாகாது. எந்த அடையாளத்தை எடுத்தாலும் ஒரு மூலையில் கிழிகிறது.

குனிந்ததற்குக் காரணம் கேட்டீர்கள். அந்த இலையை நான் கும்பிடுகிறேனா என்றால், எனக்குத் தெரியாது. என் அப்பா ஒவ்வொரு நாளும் விடிய முழுகி, ஈரவேட்டியோடு நின்று, மரத்திடம் கேட்டுவிட்டுப் பிடுங்கும் இலை அது. அதன்மேல் ஒரு பிள்ளையின் சப்பாத்து ஏறியபோது அப்பாவின் கை நினைவு வந்தது. நிமிர்ந்தது உங்களுக்குப் பயந்து. அது கோழைத்தனம். நடிப்பு என்றும் சொல்லலாம். நீங்கள் கண்டது சரி.

வீட்டில் அம்மா அன்று காலை கேட்டது ஒன்றே ஒன்று: "முழுகிப்போட்டோ பிடுங்கினனி?"

"ஓம் அம்மா."

"அப்ப சரி. எங்கை கொண்டுபோறாய்?"

"பள்ளிக்கூடத்துக்கு."

ஞாயிற்றுக்கிழமையில் என்ன பள்ளிக்கூடம் என்று அவர் கேட்கவில்லை. இரண்டு நாளில் படம் பண்டத்தரிப்புக்கும் வந்துவிட்டது. அப்பா என்னோடு கதைப்பதில்லை. வில்வத்தைச் சுற்றி முள்ளுக்கம்பி கட்டியிருக்கிறார். கேட்டால் "ஆடு கடிக்குது" என்கிறார். எங்கள் வளவில் ஆடு இல்லை.

ஜெரிசனிடம் என் குழப்பத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார். "ஈஸ்டருக்கு மூண்டு தரம் கேப்பினம். பிதாவை விசுவசிக்கிறீரோ, மகனை விசுவசிக்கிறீரோ, தூய ஆவியை விசுவசிக்கிறீரோ எண்டு. மூண்டு தரமும் விசுவசிக்கிறன் எண்டு சொல்லும், முடிஞ்சுது. எங்களுக்கே உது விளங்காது, ஆரணி." அவர் அன்பாகத்தான் சொன்னார். ஆனால் நீங்கள் என்னைச் சந்தேகித்ததைவிட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சொல்வது அவ்வளவு சுலபமென்றால், இத்தனை வருடமும் அவர் சொன்னது என்ன?

உங்கள் கடிதத்தின் உறை பிரித்து மறுபடி ஒட்டியதுபோல இருந்தது. எங்கள் வீட்டிலா உங்கள் வீட்டிலா என்று தெரியவில்லை. படத்தைப் பற்றி நீங்கள் இன்னும் சொல்லவில்லை.

ஆரணி


குருநகர்
27.03.2025

ஆரணிக்கு,

எங்கள் வீட்டில் நான் எழுதிய கடிதத்தைப் பிரிக்கத் துணிந்த ஆள் இல்லை. உம்முடைய வீட்டில் பாரும்.

படம் எடுத்தது நான். தாய்மார் குழுவில் போட்டதும் நான். கீழே எழுதினது நான் இல்லை. ஆனால் யாரோ எழுதுவார்கள் என்று தெரிந்துதான் ஒன்றும் எழுதாமல் போட்டேன். நீர் சண்டைக்கு வருவீர், அல்லது நழுவுவீர், எதுவென்று பார்ப்போம் என்று நினைத்தேன். உம்முடைய அப்பாவின் வாசல்வரைக்கும் அது போகும் என்று நினைக்கவில்லை. அது என் பிழை.

ஐஸ் விஷயத்தைப் பாதரிடம் சொன்னவர் யார் என்று விசாரித்தேன். ஆறாம் வகுப்புப் பெடியன் ஒருவன், பாவசங்கீர்த்தனத்துக்குப் போன இடத்தில், "பாதர், ஐஸ் உருகினால் கடவுள் என்ன செய்வார்?" என்று கேட்டிருக்கிறான். வெளியே வந்து தானே எல்லோருக்கும் சொல்லித் திரிகிறான். உம்மைக் குற்றம் சொன்னதை மீளப் பெறுகிறேன்.

இனி நான் யாருக்கும் சொல்லாதது. எனக்குப் பத்தொன்பது வயதில் அப்பாவோடு தொழிலுக்குப் போன வள்ளம் விடிய வந்தது. அப்பா வரவில்லை. அப்பாவின் பெயர் அடைக்கலநாதன். கடலில் விழுந்தாரா, காற்று இழுத்ததா, கூடப் போனவர் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு கதை சொன்னார். நான் அவரையும் இன்றுவரை நம்பவில்லை. இரண்டு நாள் கரையில் நின்றோம். அம்மா ஜெரிசனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றா. இரண்டாம் நாள் மத்தியானம் நான் மணலில் முழங்காலில் விழுந்து கத்தினேன். பிதாவைக் கூப்பிட்டேனா, மகனையா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கூப்பிடும்போது அங்கே கேட்கிற ஒருவர் இருந்தார். என்னோடு மணலில் விழுந்து அழுகிற ஒருவரும் இருந்தார். என் தொண்டைக்குள் இருந்து என்னோடு சேர்ந்து கத்துகிற ஒருவரும் இருந்தார். ஒருவர் என்றும் தோன்றவில்லை, மூவர் என்றும் தோன்றவில்லை. எண்ணுகிற நினைப்பே வரவில்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த திரித்துவம்.

அப்பாவின் உடல் கிடைக்கவில்லை. இதை எப்படிச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்வது? அதனால்தான் ஐஸ் வாங்கினேன்.

நேற்றுப் பாதரிடம் என் கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். "ஆயத்தம்" என்று எழுதியிருக்கிறேன். பொய்யாக வருகிறவள் தன்னுடைய இலையும் பிழை என்று எழுதமாட்டாள். இனி நீ அன்றைக்கு வந்து மூன்று தடவை சொன்னால் போதும். அம்மாவுக்கும் சொல்லிவிட்டேன். உனக்கு வெள்ளைச் சீலை எடுக்கவேண்டும் என்று நிற்கிறா.

றெஜினா


பண்டத்தரிப்பு
02.04.2025

அன்புள்ள அக்கா,

உறையைப் பிரித்தவர் என் அம்மா. இந்த முறை மறைக்கவும் இல்லை. உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டுக் குசினியில் இருந்து அழுதுகொண்டிருந்தார். "தேப்பன் கடலிலை போன பிள்ளையை நான் என்னெண்டு பேசுறது? நல்ல பிள்ளை. ஆனால் வில்வத்தை மிதிக்க விட்டது பிழைதான்" என்றார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "உதுக்குப் பதில் எழுதேக்கை என்னைப் பற்றி எழுதிப்போடாதை" என்றார்.

உங்கள் கடிதத்தைப் பல தடவை வாசித்தேன். இத்தனை மாதம் வாசித்த எந்தப் புத்தகமும் செய்யாததை அந்த ஒரு பந்தி செய்தது. அது எந்த மூலையிலும் கிழியவில்லை. ஏனென்றால் நீங்கள் அங்கே எதையும் எதற்கும் ஒப்பிடவில்லை. நடந்ததைச் சொன்னீர்கள்.

அதனால்தான் இதை எழுதுவது கடினமாக இருக்கிறது. நான் இந்த ஈஸ்டருக்கு ஞானஸ்நானம் பெறவில்லை.

உங்களுக்குக் கரையில் வந்த அந்தக் கூப்பிடல் என்னிடம் இல்லை. உங்கள் மணலில் நின்று நான் "விசுவசிக்கிறேன்" என்று சொன்னால் அது உங்களுடைய விசுவாசம், கடன் வாங்கியது. அப்படி ஒருமுறைகூட நான் யாரையும் கூப்பிட்டதில்லை, சிவனையும் இல்லை. கூப்பிடத் தோன்றியிருக்கிறது. இதற்கு முன் என்னைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தால் "ஆரணி ஜெரிசனுக்காக வருகிறாள்" என்று நானே எழுதியிருப்பேன். இப்போது அப்படி எழுத முடியாது. அதற்குப் பதிலாக என்ன எழுதுவது என்றும் தெரியாது. தெரியாமல் மூன்று தடவை சொன்னால் உங்கள் சின்னம்மாவின் மருமகளுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? குறைந்தது அவளுக்குத் தான் பொய் சொல்கிறோம் என்றாவது தெரியாமல் இருந்திருக்கும்.

பாதரை நேற்றுச் சந்தித்தேன். ஆயரின் அனுமதியோடு, நான் நானாக இருந்தபடியே, கோயிலில் கலியாணம் செய்யலாம் என்றார். ஜெரிசன் முதலில் கோபித்தார். பிறகு சரி என்றார். உங்கள் அம்மா என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

உங்கள் கையெழுத்தை வீணாக்கியதற்கு மன்னியுங்கள்.

ஆரணி


குருநகர்
07.04.2025

ஆரணிக்கு,

பாதரிடம் போய் நான் எழுதிக்கொடுத்த கடிதத்தைத் திரும்ப வாங்கி வந்தேன். பாதர் ஒன்றும் கேட்காமல் தந்தார். வெளியே நின்ற இரண்டு பேர் கேட்டார்கள். என்ன சொல்ல? "பிள்ளை விசுவாசம் கூடிப்போய் மாட்டன் எண்டிட்டுது" என்று சொல்வதா?

என் சந்தேகம் எல்லாம் தீர்ந்த நாளில் இதைச் செய்தாய். ஒருவேளை உனக்கு எங்கள் கோயிலும் வேண்டாம், உங்கள் கோயிலும் வேண்டாம், யோசித்துக்கொண்டிருப்பதுதான் பிடித்திருக்கிறதோ என்று நினைக்கிறேன். கோபத்தில் எழுதுகிறேன். ஆனால் நினைக்கிறேன்.

அம்மா வெள்ளைச் சீலையைக் கடைக்குத் திருப்பி அனுப்பிவிட்டா. "ஞானஸ்நானம் இல்லையெண்டால் நான் அந்தக் கலியாணத்துக்கு அடி எடுத்து வைக்கமாட்டன். நீயும் போகக்கூடாது" என்றா. வெருட்டுகிறா என்று நினைக்காதே. அப்பா போன பிறகு அவ சொன்ன எதையும் மாற்றியதில்லை.

இனிக் கொஞ்சக் காலத்துக்கு எழுதவேண்டாம்.

றெஜினா


யாழ்ப்பாணம்
15.06.2025

அன்புள்ள அக்கா,

எழுதவேண்டாம் என்றீர்கள். இரண்டு மாதம் எழுதாமல் இருந்தேன். நீங்கள் வராத இடத்தில் என்ன நடந்தது என்று மற்றவர்கள் சொல்லி நீங்கள் கேட்பதை நான் விரும்பவில்லை. அவர்கள் எப்படிச் சொல்வார்கள் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

கலியாணம் புதன்கிழமை காலை நடந்தது. பூசை இல்லை, வாசகமும் வாக்குறுதியும் மட்டும். ஆயரின் அனுமதிக் கடிதத்தைப் பாதர் எல்லோருக்கும் கேட்க வாசித்தார். உங்கள் பக்கத்து வாங்குகளில் பதினொரு பேர் இருந்தார்கள். முன்வாங்கை ஜெரிசன் யாரையும் இருக்கவிடாமல் கடைசிவரை வைத்திருந்தார். மாமி வரவில்லை. நீங்களும் வரவில்லை.

என் அப்பா வந்தார். எல்லோரும் எழும்பியபோது எழும்பினார், இருந்தபோது இருந்தார். முழங்காலில் நிற்கும் இடத்தில் மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் அம்மாவைப் பார்த்தார். அம்மா, "சும்மா இருங்கோவன்" என்றார். முடிந்த பிறகு அப்பா என்னிடம், "சாப்பிட்டனியோ?" என்று கேட்டார். மூன்று மாதத்தில் அவர் என்னோடு கதைத்த முதல் வார்த்தை.

மறுநாள் நாங்கள் இருவரும் உங்கள் வீட்டு வாசலுக்கு வந்தோம். மாமி உள்ளே இருப்பது வானொலிச் சத்தத்தில் தெரிந்தது. கதவு திறக்கவில்லை. நீங்கள் உள்ளே இருந்தீர்களா என்று நான் கேட்கவில்லை. கேட்கப்போவதும் இல்லை.

இன்று மூவொரு கடவுள் ஞாயிறு, திரித்துவத் திருநாள். எட்டரைக்கு வகுப்புக்குப் போனேன். நீங்கள் ஈஸ்டரிலிருந்து வருவதில்லை என்று பிள்ளைகள் சொன்னார்கள். பாதர் என்னைக் கண்டு, "டீச்சர், பிள்ளையளை உள்ளுக்கை இருத்தும், நான் பூசை முடிய வாறன்" என்றார். ஞானஸ்நானம் இல்லாதவள் இருத்தலாமா என்று கேட்டேன். "இருத்துறதுக்கு உது தேவையில்லை" என்றார். இருபத்துமூன்று பிள்ளைகளை இருத்தினேன். ஒன்பதேகாலுக்கு அவர் வந்து பாடத்தை எடுத்தார். நான் பின்வாங்கில் இருந்து கேட்டேன்.

ஆரணி